விளக்குமாற்றுக் குச்சியில் நின்ற காளான்கள்

குரூப்பில் நேற்றிலிருந்து கொடைக்கானல் ட்ரிப் பேச்சுதான். போய்விட்டு வாருங்கள் மக்களே. என்னைக் கூப்பிடாதீர்கள். பைன் மரத்தடியில் சிவப்பாக, வெள்ளைப் பொட்டு வைத்து நிற்கிற காளான் போட்டோவைப் போட்டு, "ஊர்க்காரி, இதைப் பத்தி ஏதாச்சும் சொல்லேன்" என்று கேட்ட புண்ணியவானுக்கு மட்டும் இது.

ஆபீஸ் கேப்பில் உட்கார்ந்து கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி நகர்கிற மாதிரி இல்லை. இருபத்தேழு வயதில் 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கிறாளே என்று சிரிக்காதீர்கள். ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்கட்கிழமை களைத்துப்போய் எழுகிற நாம் எல்லோருமே கிழடுதான். என்ன, நரைக்கவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பள்ளங்கிப் பக்கம் ஒரு தகர வீடு. அப்பா அதற்கு முன்னால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஒரு நாள் வெங்காய மூட்டையோடு படியில் சறுக்கியதில் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனிமேல் எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். மலையில் தூக்காமல் என்ன வேலை இருக்கிறது? கேரட் மூட்டை, பேரிக்காய்க் கூடை, டூரிஸ்ட் பெட்டி, எல்லாமே தூக்குகிற சோலிதான். நடக்க மட்டும்தான் அப்பாவால் முடிந்தது. அதனால்தான் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டிருந்த மேடத்திடம் ஒரு நடக்கிற வேலை வந்தபோது, அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள்.

வேலை இதுதான். காலை ஏழு மணிக்குக் கெஸ்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் காளான் காட்ட வேண்டும். பறிக்கக் கூடாது, தின்னக் கூடாது, போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மேடம் அதற்கு 'மஷ்ரூம் வாக்' என்று வாசலில் போர்டு வைத்தார். அப்பாவிடம் ஒரு வாக்கும் கொடுத்தார்.

"அண்ணே, இந்த சீசன் மட்டும் நல்லபடியா போகட்டும். வருஷம் பூரா நீங்கதான். மாசச் சம்பளம். கெஸ்ட் யாரும் டிஸப்பாயிண்ட் ஆகக் கூடாது, அவ்ளோதான்."

அம்மாவைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எதைச் சொன்னாலும் கடைசியில் 'விளங்குதா' என்று முடிப்பாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். "மேடம் சொன்னத மறந்துறாதீங்க. இந்த வேலையும் போனா நீங்க திரும்ப மூட்டைக்குத்தான் போகணும். அப்புறம் படுத்த படுக்கைதான். விளங்குதா?"

முதல் இரண்டு வாரம் ஐப்பசி மழை சும்மா கொட்டியது. பாதை நெடுக எங்கே பார்த்தாலும் காளான்தான். தீக்குச்சி கனத்தில் ஒன்று. பட்டுப்போன கட்டையில் காது காதாக ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. விரலால் அமுக்கினால் புகை விடுகிற உருண்டை ஒன்று. வலையில் பாவாடை கட்டி நிற்கிற ஒன்று, அது செத்த எலி மாதிரி நாறும். அப்பாவுக்கு எதற்கும் பெயர் தெரியாது. அவராகவே வைத்தார். பட்டன். அப்பளம். பாவாடை. 'மாமியார் மூக்கு' என்றும் ஒன்று இருந்தது. கெஸ்ட்டுகள் விழுந்து விழுந்து சிரித்து அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் மழை நின்றுவிட்டது. ஒன்பது நாள் சுள்ளென்று வெயில். எல்லாக் காளானும் சுருங்கி, கறுத்து, காணாமல் போயிற்று. ஒரு கெஸ்ட், தொப்பி போட்ட அங்கிள், பாதை முடிகிற பாறை வரைக்கும் நடந்து வந்துவிட்டுக் கேட்டார். "எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தோம். மஷ்ரூம் எங்கப்பா?"

"மழை இல்லைங்க சார். மழை பெஞ்சாத்தான் அது…"

"வெப்சைட்ல இருந்துச்சே."

மேடம் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா சாப்பிடும்போது என்னைக் கேட்டார்.

"பாப்பா, மார்க்கெட்டுல கூடைக்கு மேல எந்தத் தக்காளிய அடுக்குவாக?"

"நல்ல தக்காளி."

"அது ஏமாத்தா?"

"ஏமாத்துதான்ப்பா."

"போடி இவளே. அது யாவாரம். அடியில கெடக்குறதும் அதே தோட்டத்துத் தக்காளிதான? ஓடைக்குள்ள காளான் கெடக்கு. அவுகளால எறங்க முடியாது. நாம கொண்டாந்து பாதையோரம் வைக்கப் போறோம். அதே காடு, அதே காளான். என்ன தப்பு?"

பதினைந்து வருடம் தக்காளிக் கூடைகளைப் பார்த்த மனுஷன். காட்டுக்கும் மேல் அடுக்கு வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஜாலியாகவும் இருந்தது.

மறுநாள் வெள்ளனே, பனி விலகுவதற்குள் ஓடைக்குள் இறங்கினோம். அங்கே பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். பாசி கால் விரலுக்கிடையில் ஜில்லென்று ஏறும். கடையிலிருந்து முப்பது குழி முட்டை அட்டை ஒன்று வாங்கி வந்திருந்தேன். குழிக்கு ஒன்றாகக் காளானை நிற்க வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வருவேன். அந்த முட்டை அட்டையின் வாசனை, நனைந்த காகிதமும் மண்ணும் லேசான கவிச்சும் சேர்ந்தது, இப்போதும் எங்கேயாவது அடித்தால் எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது.

வைத்தால் சாய்ந்தது. அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து குச்சியை ஒடித்து, ஒரு முனையைக் காளான் தண்டுக்குள் செருகி, மறுமுனையை மண்ணில் குத்தினோம். ஜம்மென்று நின்றது. எங்கே எதை வைப்பது என்பது என் டிபார்ட்மெண்ட். பத்து நிமிட நடைக்கு ஒன்று. மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் இரண்டு, அப்போதுதான் சலித்துக்கொள்ள மாட்டார்கள். பாறைக்குப் பக்கத்தில் பெரிசாக ஒன்று. இன்றைக்கு ஆபீஸில் இதையே பிபிடி போட்டுக் காட்டினால் பிரமோஷன் கொடுப்பார்கள்.

யாராவது தொட்டுவிட்டால் கதை கந்தல். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, அதை அப்பா காளானுக்கும் நீட்டிவிட்டார். "வெரல் காட்டாதீங்க சார், அழுகிப் போயிரும். தொட்டா அடுத்த வருசம் மொளைக்காது." படித்த மனிதர்கள், எட்டுப் பேர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோவாயால் காளானைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு குட்டிப் பையன் கேட்கவில்லை. பிடுங்கிவிட்டான். "அங்கிள், இதுல ப்ரூம்ஸ்டிக் இருக்கு."

அப்பா கண்ணே சிமிட்டவில்லை. "குருவி கூடு கட்டத் தூக்கிட்டுப் போகும் தம்பி. போற வழியில போட்டுரும்."

வீட்டில் அம்மா கத்தினாள். "என் வெளக்குமாத்துல பாதியக் காணோம். அப்பனும் மகளும் சேந்து தின்னீங்களா?" அதற்குப் பிறகு குச்சியை விட்டுவிட்டு, கரண்டியால் மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தோம். இன்னும் சுத்தமாக இருந்தது.

பிறகு தூறல் திரும்ப வந்தது. பாதையில் தானாகவும் முளைக்க ஆரம்பித்தது. ஆனால் நாங்கள் நிறுத்தவில்லை. மேடம் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. அதைக் கெடுப்பானேன்?

அந்தத் தூறலோடுதான் ரிசர்ச் அக்கா வந்தார். திருச்சிப் பக்கம் ஏதோ காலேஜில் பிஎச்டி. ஹோம்ஸ்டேயின் பின்னால் விறகு ரூமுக்குப் பக்கத்து ரூமில் இரண்டு மாசம் தங்கினார். இந்த மலையில் எந்தக் காளான் எங்கே முளைக்கிறது என்று எழுதுவதுதான் அவர் வேலை. ஷூ வாய் பிளந்திருக்கும். காலெல்லாம் அட்டைப்பூச்சி கடித்த தழும்பு. மேடம் அவருக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்: பாதையோரக் காளான் கெஸ்ட்டுக்கு, அதைப் பறிக்கக் கூடாது, பார்த்து எழுதிக்கொள்ளலாம். அக்கா பாவம், அதை அப்படியே கேட்டார். மண்டியிட்டு, ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்து, போட்டோ எடுத்து, நோட்டில் கலர் பென்சிலால் வரைவார்.

"அண்ணா, மத்த எடத்துல இவ்ளோ இல்ல. உங்க பாதையில மட்டும் எப்படி இத்தனை?" என்று ஒரு நாள் கேட்டார். அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

எனக்கு அக்காவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்னை வாடி போடி என்று கூப்பிட மாட்டார். நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். ஒரு சாயங்காலம் ஓடைக்கல்லில் உட்கார்ந்து ஷூவைப் பிழிந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்படி என்னக்கா தேடுறீங்க?"

"செவப்புல வெள்ளைப் பொட்டு வச்சது இருக்கே, அது."

"அதான் பைன் காட்டுல குப்பை மாதிரி கெடக்கே."

"அங்க கெடக்கட்டும். இங்க, நம்ம ஊர் மரம் மட்டும் நிக்குற இந்தச் சோலைக்காட்டுக்குள்ள, இருக்கான்னு பாக்கணும்."

"இருந்தா?"

அதற்குள் போன் வந்துவிட்டது. அவருடைய கைடு, காலேஜ் சார். அக்கா எழுந்து நின்று பேசினார். "இல்ல சார்… இன்னும் கிடைக்கல சார்… தேடிட்டுத்தான் சார் இருக்கேன்…" பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டு விழுந்திருக்கிறது. என் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டார்.

தேடுகிறவர்களுக்குக் கிடைத்தால் சந்தோஷம் என்றுதான் எனக்குத் தெரியும். மூன்று வாரமாக நான் பார்த்தது அதுதானே. கெஸ்ட்டுகள் தேடினார்கள், கிடைத்தது, குதித்தார்கள். அக்காவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, மலைமேல் பைன் காட்டுக்கு ஒற்றையாக நடந்து போனேன். இருந்ததிலேயே அழகானதைத் தேர்ந்தெடுத்தேன். சின்னத் தட்டு அளவு குடை. அடி மண்ணோடு பெயர்த்து டிபன் பாக்ஸில் வைத்தால் மூடி மூடவில்லை. தாவணி அக்காக்கள் பூந்தட்டு தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினேன். சோலைக்குள் பெரிய மரத்தின் வேருக்கும் பாசிக்கும் நடுவில் வைத்து, சருகு தூவி, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தேன். அதைவிட அழகான வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. இது என் கிஃப்ட்.

ஞாயிறு காலையில் அக்கா அதைப் பார்த்தார். நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், குதிப்பார் என்று. குதிக்கவில்லை. ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தார். "போச்சு" என்றார்.

நான் வெளியே வந்தேன். "கிடைச்சிருச்சுல்லக்கா?"

"கிடைக்கவே கூடாதுன்னு நெனச்சேன் பாப்பா. இது பைன் மரத்தோட வெளிநாட்டுலருந்து வந்தது. பைன் வேரத்தான் புடிச்சு வாழும்னு நெனச்சுட்டு இருக்கோம். இது இங்க வந்துருச்சுன்னா, சோலை மரத்து வேரையும் புடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். இந்த ஊர்க் காளானுக்கெல்லாம் எடம் இருக்காது."

போட்டோ எடுத்தார். அளந்தார். சார் வந்து பார்க்கும் வரை யாரும் தொடக்கூடாது என்று, ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்து, மேலே கல் வைத்தார். ஹோம்ஸ்டே வாசலில் மேடத்திடமும் அப்பாவிடமும் சொன்னார். "செவ்வாய்க்கிழமை சார் வர்றார். ஃபாரஸ்ட் ஆபீஸ்லயும் சொல்லிருவோம். அதுவரைக்கும் இந்தப் பாதையில யாரும் நடக்க வேணாம் மேடம். செருப்புல ஒட்டி மத்த எடத்துக்கும் பரவிரும். அநேகமா பாதையையே மூட வேண்டியிருக்கும்."

மேடம், "ஓ காட், சீசன்ல போய்!" என்றார். அப்பாவின் கை பின்னால் போய் முதுகைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள்.

"வெரசா போயி புடுங்கித் தூரப் போட்டுட்டு வாங்க. பன்னி தின்னுருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"போட்டோ எடுத்துருச்சே அந்தப் புள்ள."

"அப்ப வாயத் தொறக்காதீங்க."

"தொறக்கலைன்னா பாதைய மூடிருவாக. பாதை இல்லாம எங்கிட்டுப் போயி நடக்குறது? தொறந்தா மேடம் தொரத்தி விட்டுரும்."

அப்பா எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்து சொன்னார். "மேடத்துக்கிட்ட வேணாம். அந்தப் புள்ளகிட்ட மட்டும் சொல்லுவோம். நான் வச்சேன்னு சொல்றேன். பாப்பா, நீ இதுல இல்ல, சரியா?"

ரொம்ப வருடம் இதை அப்பாவின் நேர்மை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். காலேஜ் ஹாஸ்டலில் உங்களில் ரெண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு வேலையைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். அதனால்தான் உண்மையைச் சொன்னார். அவரைத் தப்பு சொல்லவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

திங்கட்கிழமை காலை அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், பக்கெட்டைத் தூக்கி, கையாலேயே அந்த மண்ணைத் தோண்டிக் காட்டினார். ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போயிருந்தேன். உள்ளே பைன் ஊசி இலைகள். சுற்றி ஒரு பைன் மரம் கிடையாது.

"நான்தான்ம்மா வச்சேன். கெஸ்ட்டுக்கு அழகா இருக்குமேன்னு. மன்னிச்சுருங்க. மேடத்துக்குத் தெரிஞ்சா என் பொழப்பு போயிரும். இந்த முதுக வச்சுட்டு நான் வேற எங்க போவேன்?"

அக்கா முதலில் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், மூச்சு விட்ட மாதிரி. "அப்ப இது இங்க வரல. அப்பாடா." அங்கேயே நின்று சாருக்குப் போன் பண்ணினார். "சாரி சார், யாரோ டூரிஸ்ட் வச்சிருக்காங்க. வர வேணாம் சார்." மறுமுனையில் கத்துவது எனக்குக்கூடக் கேட்டது. போனை வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன்.

"அண்ணா… வேற எதெல்லாம் வச்சீங்க?"

அப்பாவின் வேலை நிலைத்துவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா கடைசி வரை மேடத்திடம் வாயைத் திறக்கவில்லை. சொன்ன மாதிரியே மேடம் அப்பாவை வருடம் முழுக்க வைத்துக்கொண்டார். பதினோரு வருடம் அந்தப் பாதையில் நடந்தார். நான் உங்களோடு உட்கார்ந்து இன்ஜினியரிங் படித்தது, மெஸ்ஸில் சண்டை போட்டது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு காளானைக்கூட எடுத்து வைக்கவில்லை. மழை இல்லாத நாளில் அப்பா கெஸ்ட்டுகளுக்குக் கல்லையும் பாசியையும் காட்டினார். பிடித்தவர்கள் பார்த்தார்கள். அக்கா பிஎச்டி முடித்தாரா என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. பெயர் தெரியும். இரண்டு நிமிட வேலை. டைப் பண்ணி, அழித்துவிடுவேன்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா கேட்டது ஒன்றுதான். "வச்சது எது, தானா மொளைச்சது எதுன்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும்." வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தோம். மடியில் அவர் நோட்டு. நான் பக்கத்தில். அப்பா எதிரே நின்றார், உட்காரவில்லை. நான் கெட்டிக்காரி, எல்லாம் ஞாபகம் இருந்தது.

"இது நாங்க. இதுவும் நாங்க. இது தானா வந்தது. இது நாங்க."

நாங்கள் என்றால் கோடு. தானாக என்றால் டிக். கோடுதான் அதிகம். சிவப்பு வந்தது. என்னைப் பார்க்காமலே அதன்மேல் கோடு போட்டார். அது உங்களுக்காகத்தான்க்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

"இது தானா வந்தது" என்றேன் அடுத்த பக்கத்தில்.

"இல்லத்தா" என்றார் அப்பா, மெதுவாக. "நீ பள்ளிக்கூடம் போயிருந்த. அன்னிக்கு நானே போயி வச்சேன்."

"அப்ப முன்னாடி சொன்ன டிக்கெல்லாம்?" என்றார் அக்கா.

"அதுல எது எதுன்னு… எனக்கு வெளங்கலம்மா. வச்சிருக்கலாம்."

அக்கா திரும்பப் பின்னால் புரட்டி, டிக் போட்ட ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கோபமாக இல்லை. வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி, களைப்பாக.

கடைசிப் பக்கத்தில் ஒன்று இருந்தது. அரிசி நீளம்தான் இருக்கும் குடை, வெளிறிய நீலம். மற்ற எதையும்விட அதை ரொம்ப நேரம் எடுத்து வரைந்திருந்தார், தண்டில் இருக்கிற ரோமத்தோடு. ஓரத்தில் மூன்று ஆச்சரியக்குறி.

"இது?"

"நான் இதப் பார்த்ததே இல்லக்கா. சாமி சத்தியமா."

"இத்தினிக்கூண்டையெல்லாம் நான் எடுக்க மாட்டேன்ம்மா," என்றார் அப்பா. "கையில எடுத்தாலே நசுங்கிப் போகும். இது காட்டோடதுதான்."

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லரிலிருந்து புகை வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்லலன்னு தெரியுது," என்றார். "ஆனா நான் என்னன்னு எழுதுவேன்?"

ஸ்கேலை எடுத்து, படத்தின்மேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டார்.